விஎம் கெஸ்டுகளின் கர்னலும் மாட்யூல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் விஎம்களைப் பராமரிப்பது பல வருடங்களாக என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களும், வீட்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை ஓட்டும் ஒரு தளம்) போட்டுப் பழகும் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். விஎம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. விஎம்களைத் தாங்கி நிற்கும் இயந்திரம் ஹோஸ்ட். விஎம்முக்குள் ஓடும் லினக்ஸ் கெஸ்ட். லினக்ஸின் மையப் பகுதி கர்னல், தேவைப்படும்போது அதில் ஏற்றும் துண்டு மாட்யூல்.

விஎம்முக்குன்னு தனியா கர்னல் இருக்கா, இல்ல ஹோஸ்ட் கர்னலையே பயன்படுத்திக்குதா?

தனியாகத்தான் இருக்கிறது. ஹோஸ்டில் 6.8 ஓடும்போது கெஸ்டில் 5.10 ஓடலாம், தலைகீழாகவும் இருக்கலாம். ஒன்றை அப்டேட் செய்தால் மற்றது மாறாது.

இந்தக் குழப்பம் கன்டெய்னரால் வருகிறது. டாக்கர் கன்டெய்னருக்குள் போய் 'யூநேம் -ஆர்' (ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் கட்டளை) அடித்தால் ஹோஸ்டின் கர்னல்தான் தெரியும், ஏனென்றால் கன்டெய்னருக்குச் சொந்தக் கர்னல் கிடையாது. அதனால் கன்டெய்னருக்குள் ஒரு மாட்யூல் வேண்டுமென்றால் ஹோஸ்டில்தான் ஏற்ற வேண்டும். விஎம்மில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, கெஸ்டுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, அந்தக் கர்னல் கோப்பு எங்கதான் இருக்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கெஸ்டுக்குக் கர்னல் இரண்டு வழிகளில் வரலாம். முதல் வழியில் கர்னல் கெஸ்டின் சொந்த டிஸ்கில், /பூட் டைரக்டரியில் இருக்கும். நிஜக் கணினியைப் போலவே பயாஸ் அல்லது யூஈஎஃப்ஐ (கணினியில் முதலில் ஓடும் நிரல்) எழுந்து, கிரப்பை (கர்னலை ஏற்றும் நிரல்) அழைத்து, கிரப் அந்தக் கர்னலை ஏற்றும். கேவிஎம், விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி போன்ற ஹைப்பர்வைசர்கள் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள்) எல்லாவற்றிலும் சாதாரணமாக நிறுவிய கெஸ்ட் இப்படித்தான் எழும்.

இரண்டாவது வழியில் கர்னல் வெளியில், ஹோஸ்டின் டிஸ்கில் இருக்கும். கேவிஎம் விஎம்களை ஓட்டும் க்யூஎமு நிரலில் '-கர்னல்', '-இனிட்ஆர்டி', '-அப்பெண்ட்' என்று மூன்று ஆப்ஷன்கள் கொடுத்தால் கிரப்பே இல்லாமல் நேரடியாகக் கர்னல் ஏறும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் இதையே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுவோம். ஸென் ஹைப்பர்வைசரின் பழைய பாராவிர்ச்சுவல் கெஸ்டுகள், ஃபயர்கிராக்கர், விண்டோஸின் டபிள்யூஎஸ்எல் 2, யூசர் மோட் லினக்ஸ் எல்லாம் இந்த வகை. ஸென்னின் மேல் ஓடும் க்யூப்ஸ் ஓஎஸ்ஸில் டாம்0-வின் (மற்ற விஎம்களை நிர்வகிக்கும் முதன்மை விஎம்) /வார்/லிப்/க்யூப்ஸ்/விஎம்-கர்னல்ஸ் டைரக்டரியில் கர்னலும், மாட்யூல்கள் அடங்கிய ஒரு இமேஜும் சேர்ந்தே இருக்கும். கெஸ்ட் எழும்போது அந்த இமேஜ் அதன் /லிப்/மாட்யூல்ஸில் மவுண்ட் ஆகும். கர்னலையும் மாட்யூலையும் பிரியாமல் ஒன்றாக வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் என்று கீழே புரியும்.

ஸென்னில் நடுவழியும் உண்டு. பைகிரப் என்பது டாம்0-வில் ஓடி, கெஸ்டின் டிஸ்கைத் திறந்து, கிரப் மெனுவைப் படித்து, கர்னலை வெளியே எடுத்துத் தரும். நம்பமுடியாத ஒரு கெஸ்டின் டிஸ்கை டாம்0 படிப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்பதால், கெஸ்டுக்குள்ளேயே ஓடும் பிவிகிரப் வந்தது.

என்னோட விஎம் இதுல எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கெஸ்டுக்குள் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் பாருங்கள். கிரப் ஏற்றிய கர்னல் என்றால் அதன் தொடக்கத்தில் 'பூட்_இமேஜ்=' என்று ஒரு சொல் இருக்கும், அதைக் கிரப்தான் சேர்க்கிறது. நேரடியாக ஏற்றிய கர்னலில் அது பொதுவாக இருக்காது. ஹோஸ்டுக்குள் போக அனுமதி இருந்தால் இன்னும் சுலபம்: 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' அடித்து, ஓஎஸ் பகுதியில் கர்னல் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாட்யூல்னா டிரைவர்தானே? ஏன் அதே கர்னலோடதா இருக்கணும்?

பெரும்பாலும் டிரைவர்தான். ஃபைல் சிஸ்டம், ஃபயர்வால் விதிகள் போன்றவையும் மாட்யூலாக வரும். கர்னலுக்குள் இருக்கும் அமைப்புகளின் உருவம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரே பதிப்பிலும் பில்டு செய்தபோது கொடுத்த கட்டமைப்பைப் பொறுத்து மாறும். அதனால் ஒவ்வொரு மாட்யூலிலும் 'வெர்மேஜிக்' என்று ஒரு முத்திரை பதிந்திருக்கும். 'மாட்இன்ஃபோ' அடித்தால் அது தெரியும். ஓடுகிற கர்னலின் முத்திரையோடு அது பொருந்தாவிட்டால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று சொல்லிக் கர்னல் மறுத்துவிடும். உண்மையான காரணம் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஒரு வரியாக இருக்கும், அதைப் படிக்காமல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று: மாட்யூலை ஏற்றும் 'மாட்ப்ரோப்' கட்டளை அதை எல்லா இடத்திலும் தேடாது. /லிப்/மாட்யூல்ஸுக்குள் 'யூநேம் -ஆர்' காட்டும் பெயரில் இருக்கும் டைரக்டரியில் மட்டும்தான் தேடும். அந்தப் பெயரில் டைரக்டரி இல்லையென்றால், எத்தனை மாட்யூல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான்.

கெஸ்டுக்குக் கட்டாயம் வேண்டிய மாட்யூல்கள் என்னென்ன?

எந்த ஹைப்பர்வைசர் என்பதைப் பொறுத்தது. கேவிஎம்மில் விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ டிரைவர்கள் வேண்டும்: டிஸ்குக்கு விர்ட்ஐஓ_பிஎல்கே அல்லது விர்ட்ஐஓ_ஸ்கஸி, நெட்வொர்க்குக்கு விர்ட்ஐஓ_நெட், இவை எல்லாவற்றுக்கும் அடியில் விர்ட்ஐஓ_பிசிஐ. ஸென்னில் ஸென்_பிளாக்ஃபிரண்ட், ஸென்_நெட்ஃபிரண்ட். ஹைப்பர்-வியில் ஹெச்வி_விஎம்பஸ், ஹெச்வி_ஸ்டார்விஎஸ்சி, ஹெச்வி_நெட்விஎஸ்சி. விஎம்வேரில் விஎம்டபிள்யூ_பிவிஸ்கஸி, விஎம்எக்ஸ்நெட்3. அமேசானின் நைட்ரோ வகை இயந்திரங்களில் என்விஎம்ஈ, ஈஎன்ஏ. பழைய ஸென் வகையிலிருந்து நைட்ரோவுக்கு மாற்றும்போது இந்த இரண்டும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

இவை எல்லாம் லினக்ஸ் கர்னலிலேயே எப்போதோ சேர்ந்துவிட்டன. கேவிஎம் 2007 தொடக்கத்தில் 2.6.20 பதிப்பில் வந்தது, ஸென் கெஸ்ட் ஆதரவு அதே வருடம் 2.6.23-இல், விர்ட்ஐஓ 2008 ஜனவரியில் 2.6.24-இல். விர்ட்ஐஓவை உருவாக்கிய ரஸ்டி ரஸ்ஸல்தான் 2.6 காலத்துக்கான மாட்யூல் ஏற்றியையும் திருத்தி எழுதியவர். இன்று நாம் கெஸ்டில் 'மாட்ப்ரோப் விர்ட்ஐஓ_நெட்' என்று அடிக்கும்போது அந்த வரியின் இரண்டு பாதியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. நன்றியோடு நினைத்துக்கொள்ள வேண்டிய மனிதர்.

'எல்எஸ்மாட்'ல விர்ட்ஐஓ எதையுமே காட்டல. ஆனா டிஸ்க் வேலை செய்யுது. எப்படி?

அது கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. 'எல்எஸ்மாட்' தனியாக ஏற்றிய மாட்யூல்களை மட்டும்தான் காட்டும். உள்ளே கட்டப்பட்டவற்றின் பட்டியல் /லிப்/மாட்யூல்ஸில் அந்தப் பதிப்பின் டைரக்டரிக்குள் 'மாட்யூல்ஸ்.பில்ட்இன்' என்ற கோப்பில் இருக்கும். அதில் தேடினால் கிடைத்துவிடும்.

அப்டேட் போட்டேன், ரீபூட்டும் பண்ணேன், ஆனா 'யூநேம்' பழைய பதிப்பையே காட்டுது.

முதலில் மேலே சொன்னபடி உங்கள் விஎம் எந்த வகை என்று பாருங்கள். கர்னல் வெளியிலிருந்து வருகிறது என்றால், கெஸ்டுக்குள் 'ஆப்ட்' அல்லது 'டிஎன்எஃப்' மூலம் நிறுவிய கர்னல் அந்த டிஸ்கில் சும்மா கிடக்கும், யாரும் அதை ஏற்ற மாட்டார்கள். க்யூப்ஸ் டெம்ப்ளேட்டில் கர்னலை அப்டேட் செய்துவிட்டு மாறவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் விஷயம். அங்கே டாம்0-வில் கர்னலை மாற்ற வேண்டும், அல்லது அந்த விஎம்மின் கர்னல் அமைப்பைக் காலியாக வைத்து, கெஸ்ட் தன் சொந்தக் கர்னலிலிருந்தே எழும்படி செய்ய வேண்டும்.

வெளியே இருக்கும் கோப்பைத்தான் மாற்றினேன், அப்படியும் பழையதுதான் என்றால் காரணம் வேறு. க்யூஎமு தொடங்கும்போதே கர்னல் கோப்பைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். கெஸ்டுக்குள் ரீபூட் செய்தால் க்யூஎமு ப்ராசஸ் சாகாது. ஏற்கெனவே படித்ததையே திரும்பக் கொடுக்கும். விஎம்மை முழுதாக அணைத்து, மறுபடி தொடங்கினால்தான் புதிய கோப்பு எடுபடும்.

இரண்டும் இல்லையென்றால் கிரப்பின் இயல்புத் தேர்வு பழைய கர்னலில் நிற்கிறதா என்று பாருங்கள். /பூட் நிரம்பிப்போய்ப் புதிய கர்னல் பாதியில் நின்றதும் உண்டு. ஃபெடோரா வகையில் இயல்பாக 3 கர்னல்களை வைத்துக்கொள்ளும். டெபியன் வகையில் அவ்வப்போது 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' செய்யுங்கள்.

ஹோஸ்ட்லேர்ந்து புதுக் கர்னல் கொடுத்தேன். பூட் ஆச்சு, ஆனா நெட்வொர்க் இல்ல, ஃபயர்வால் இல்ல, ஒண்ணுமே வேலை செய்யல.

கர்னல் புதியது, கெஸ்டின் டிஸ்கில் இருக்கும் /லிப்/மாட்யூல்ஸ் பழையது. டிஸ்க் டிரைவர் கர்னலுக்குள்ளோ இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ (ரூட் டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் ஏறும் சிறிய மூட்டை) இருந்ததால் பூட் ஆகிவிட்டது, மற்ற எதுவும் கிடைக்கவில்லை. பூட் ஆகிவிட்டதாலேயே இந்தப் பிழை ஏமாற்றும்: ஆட்கள் நெட்வொர்க் அமைப்பைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து கர்னல் கொடுக்கும்போது அதே பில்டின் மாட்யூல் டைரக்டரியைக் கெஸ்டுக்குள் வைப்பதும் நம் பொறுப்பு.

விஎம்மை அணைத்துவிட்டு, அதன் டிஸ்கை ஹோஸ்டில் மவுண்ட் செய்து, மாட்யூல் டைரக்டரியைக் காப்பி செய்யுங்கள். நீங்களே பில்டு செய்த கர்னல் என்றால் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' கட்டளைக்கு 'இன்ஸ்டால்_மாட்_பாத்' என்று மவுண்ட் செய்த இடத்தைக் கொடுத்தால் அதுவே சரியான இடத்தில் வைத்துவிடும். யூசர் மோட் லினக்ஸ் என்றால் அதனுடன் 'ஆர்ச்=யூஎம்' சேர்க்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் உங்கள் ஹோஸ்ட் வகைக்கான மாட்யூல்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதன் டிஸ்கை ஹோஸ்டில் மவுண்ட் செய்யவே கூடாது, ஃபைல் சிஸ்டம் கெட்டுவிடும்.

விஎம்வேர்லேர்ந்து கேவிஎம்முக்கு மாத்தினேன். டிராகட் ஷெல்ல போய் நிக்குது.

நானும் ஓர் இரவு இதே இடத்தில் நின்றிருக்கிறேன். இடம் மாற்றிய கெஸ்ட் ரூட் டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்லி எமர்ஜென்சி ஷெல்லில் நின்றது. டிஸ்க் இமேஜ் கெட்டுவிட்டதோ என்று பயந்து இரண்டு முறை திரும்பக் காப்பி செய்தேன். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை, இனிட்ராம்எஃப்எஸ்ஸில்தான் விர்ட்ஐஓ_பிஎல்கே இல்லை.

ரூட் டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் தேவையான மாட்யூல்கள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய மூட்டையில் இருக்க வேண்டும். ரெட் ஹாட், ஃபெடோரா வகைகளில் டிராகட் இயல்பாக அந்த நேரத்தில் அந்த இயந்திரத்துக்கு வேண்டியதை மட்டும்தான் மூட்டை கட்டும். விஎம்வேரில் கட்டிய மூட்டையில் விஎம்வேர் டிரைவர்தான் இருக்கும். டெபியனில் இயல்பு அமைப்பு 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்களையும் சேர்ப்பது) என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. யாராவது அதை 'டெப்' (வேண்டியதை மட்டும் சேர்ப்பது) என்று மாற்றியிருந்தால் அங்கேயும் வரும்.

மாற்றுவதற்கு முன்பே 'டிராகட் --ஆட்-டிரைவர்ஸ்' என்று விர்ட்ஐஓ_பிஎல்கே, விர்ட்ஐஓ_ஸ்கஸி, விர்ட்ஐஓ_பிசிஐ மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடுவதுதான் நல்லது. மாற்றிய பிறகுதான் தெரிந்தது என்றால், கிரப் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி இருக்கும், அதிலிருந்து எழுப்புங்கள். அந்த மூட்டை எல்லா டிரைவர்களோடும் கட்டப்பட்டது. உள்ளே வந்ததும் 'டிராகட் --ரீஜெனரேட்-ஆல் --ஃபோர்ஸ்' அடியுங்கள். 'விர்ட்-வி2வி' கருவியைப் பயன்படுத்தினால் இந்த வேலையை அதுவே செய்துவிடும். அப்புறம், டிஸ்கின் பெயர் எஸ்டிஏ-விலிருந்து விடிஏ ஆகும், நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறும். எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) டிஸ்கின் பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

ரெஸ்க்யூவும் எழல. வெளியிலேர்ந்தே சரி பண்ண முடியுமா?

முடியும். விஎம்மை அணைத்துவிட்டு, அதன் டிஸ்கை நன்றாக ஓடும் இன்னொரு விஎம்மில் இரண்டாவது டிஸ்காகச் சேருங்கள். மவுண்ட் செய்து, ப்ராக், சிஸ், டெவ் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்து, 'சிஹெச்ரூட்' போடுங்கள், அந்த டிஸ்கையே ரூட்டாகக் கொண்டு கட்டளைகள் ஓடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிஹெச்ரூட்டுக்குள்ளும் 'யூநேம் -ஆர்' உதவிக்கு வந்த விஎம்மின் கர்னலைத்தான் காட்டும். பதிப்பைக் குறிப்பிடாமல் 'டிராகட்' அல்லது 'டெப்மாட்' அடித்தால் அது தவறான பதிப்பைத் தேடிப் போகும். /லிப்/மாட்யூல்ஸில் என்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்து, பதிப்பை முழுதாகக் கொடுங்கள். டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்' எல்லாவற்றையும் செய்துவிடும்.

ப்ராக்ஸ்மாக்ஸ்ல டெபியன் கெஸ்டுக்கு இன்டெல் ஜிபியூவைக் கொடுத்தேன். ஐ915 மாட்யூலே இல்லைங்குது.

உங்கள் கெஸ்ட் டெபியனின் கிளவுட் இமேஜிலிருந்து வந்திருக்கும். அதில் இருப்பது கிளவுட் வகைக் கர்னல், 'யூநேம் -ஆர்' அடித்தால் பெயரிலேயே 'கிளவுட்' என்று இருக்கும். விஎம்மில் தேவைப்படாது என்று நிறைய ஹார்டுவேர் டிரைவர்களை அதில் விட்டுவிட்டார்கள். சாதாரண 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' நிறுவி, அதிலிருந்து எழுப்புங்கள். உபுண்டுவில் 'லினக்ஸ்-விர்ச்சுவல்' போட்டவர்களுக்கு 'மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' பேக்கேஜைத் தனியாக நிறுவினாலே பெரும்பாலும் போதும்.

விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் உடையுது. என்ன பண்ணலாம்?

முதலில் அது (கெஸ்டுக்குள் நிறுவும் துணை மென்பொருள்) வேண்டுமா என்று பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் மாட்யூல் 4.16 பதிப்பிலிருந்தும், பகிர்ந்த ஃபோல்டருக்கான மாட்யூல் 5.6-இலிருந்தும் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கின்றன. விஎம்வேரிலும் டிஸ்ட்ரோ தரும் 'ஓப்பன்-விஎம்-டூல்ஸ்' போதும். கர்னலோடு சேர்ந்தே வரும் மாட்யூல் எப்போதும் கர்னலோடு பொருந்தும். வெளியிலிருந்து வருவதை ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்ட வேண்டும்.

கட்டாயம் வேண்டுமென்றால், புதிய கர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் நிறுவுங்கள். கர்னலுக்குப் பொருத்தமான ஹெடர்ஸ் பேக்கேஜும் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) தானாக அப்டேட் ஆகும்படி வையுங்கள். அடிஷன்ஸ் உடைகிறது என்று வந்த பலரிடம் ஹெடர்ஸ்தான் இல்லாமல் இருந்தது.

செக்யூர் பூட் ஆன் பண்ணதும் டிகேஎம்எஸ் மாட்யூல் ஏறல. 'கீ வாஸ் ரிஜெக்டட்'ங்குது.

செக்யூர் பூட்டில் கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்றாது. டிகேஎம்எஸ் ஒரு சாவியால் கையெழுத்து போடும், அந்தச் சாவியை 'மோக்யூட்டில் --இம்போர்ட்' மூலம் பதிவு செய்ய வேண்டும். அடுத்த ரீபூட்டில் ஒரு நீலத்திரை வந்து உறுதி கேட்கும். அது எஸ்எஸ்ஹெச்சில் தெரியாது, விஎம்மின் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீபூட் செய்யுங்கள். தவறவிட்டால் பதிவு ஆகாது.

விஎம்முக்கே உரிய சிக்கல் ஒன்று: அந்தப் பதிவு டிஸ்கில் இல்லை, யூஈஎஃப்ஐயின் நினைவில் இருக்கிறது. லிப்விர்ட்டில் அது தனியாக ஒரு என்விராம் கோப்பு. டிஸ்க் இமேஜை மட்டும் காப்பி செய்து புதிய விஎம் உருவாக்கினால் சாவி கூட வராது, மாட்யூல் மறுபடி மறுக்கப்படும்.

கெஸ்டுக்குன்னு சின்னதா ஒரு கர்னல் நானே பில்டு பண்ணலாமா?

தாராளமாக. கர்னல் மூலத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: அடிப்படைக் கட்டமைப்பை உருவாக்கிவிட்டு 'மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்' அடித்தால் கேவிஎம்முக்கு வேண்டியவை சேர்ந்துவிடும், ஸென்னுக்கு 'ஸென்.கான்ஃபிக்' உண்டு. டிஸ்க் டிரைவரையும் ரூட் ஃபைல் சிஸ்டத்தையும் மாட்யூலாக இல்லாமல் உள்ளேயே கட்டினால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே எழும்.

அப்படி எழுப்பும்போது 'ரூட்=யூயூஐடி' கொடுத்தால் வேலை செய்யாது. ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைத் தேடுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை, கர்னலுக்கு அது தெரியாது. '/டெவ்/விடிஏ1' என்றோ 'பார்ட்யூயூஐடி' என்றோ கொடுங்கள். 'அன்நோன்-பிளாக் 0,0' என்று பேனிக் ஆனால் (கர்னல் பிழையால் நின்றுபோனால்) பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும், அல்லது டிஸ்க் டிரைவர் உள்ளே இல்லாததாக இருக்கும்.

தூரத்துல இருக்கிற விஎம்ல புதுக் கர்னலைப் பயமில்லாம சோதிக்க முடியுமா?

கிரப் வழியாக எழும் கெஸ்ட் என்றால் முடியும். கிரப் அமைப்பில் இயல்புத் தேர்வை 'சேவ்டு' என்று வைத்து, பழைய கர்னலையே இயல்பாக விட்டுவிட்டு, 'கிரப்-ரீபூட்' மூலம் அடுத்த ஒரு முறைக்கு மட்டும் புதியதைத் தேர்ந்தெடுங்கள். கர்னல் வரியில் 'பேனிக்=10' சேர்த்தால், பேனிக் ஆன 10 விநாடியில் தானே ரீபூட் ஆகிப் பழைய கர்னலுக்குத் திரும்பும். பேனிக் ஆகாமல் அப்படியே தொங்கினால் ஹோஸ்டிலிருந்து ரீசெட் கொடுக்க வேண்டும். /பூட் எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் ஓர் அடுக்கு) இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள்: ஒரு முறைத் தேர்வை கிரப்பால் அங்கே அழிக்க முடியாது, திரும்பத் திரும்பப் புதியதிலேயே எழும். 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' சேர்த்து சீரியல் கன்சோலையும் தயாராக வையுங்கள், கடைசியாக வந்த வரியைப் பார்க்க வேறு வழி இருக்காது.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். அன்னைக்கு நல்லா ஓடுச்சு, மறுநாள் விஎம்மை அணைச்சுப் போட்டதும் மாட்யூல் எதுவும் ஏறல. ஸ்னாப்ஷாட்டே தப்பா?

ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் விஎம் இருந்த நிலையின் சேமிப்பு) சரிதான். கர்னல் வெளியிலிருந்து வரும் விஎம்முக்குத்தான் இப்படி நடக்கும். ஸ்னாப்ஷாட் கெஸ்டின் டிஸ்கைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனது, அதோடு /லிப்/மாட்யூல்ஸும் பழையதானது. நினைவையும் சேர்த்து எடுத்த ஸ்னாப்ஷாட் என்பதால் பழைய கர்னலும் நினைவோடு திரும்பி வந்தது, அதனால் அன்று பொருந்தி ஓடியது. அணைத்துத் தொடங்கியபோது ஹோஸ்டில் இருக்கும் புதிய கர்னல் கோப்பு ஏறியது. கர்னல் கெஸ்டின் டிஸ்கிலேயே இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னால் போயிருக்கும்.

இதைத் தடுக்க, ஹோஸ்டில் கர்னல் கோப்புக்கு 'லேட்டஸ்ட்' போன்ற பொதுப் பெயர் வைத்து அதன் மேலேயே எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பெயர் வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள். லிப்விர்ட் தன் ஸ்னாப்ஷாட்டோடு விஎம்மின் எக்ஸ்எம்எல் வரையறையையும் சேமிக்கிறது, திரும்பும்போது கர்னலின் பழைய பாதையும் திரும்பும். அந்தப் பாதையில் பழைய கோப்பு இன்னும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிஸ்கை மட்டும் வேறு கருவியால் ஸ்னாப்ஷாட் எடுக்கிறவர்கள், அன்று எந்தக் கர்னல் ஓடியது என்பதை ஸ்னாப்ஷாட்டின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.